ஏறுனாக, உக்காந்தாக, சிரிச்சாக

மகனே,

இதை ஓர் உறையில் போட்டு உன் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே செருகி வைத்திருக்கலாம். புதன்கிழமை நீ விமானம் ஏறி, மஸ்கட்டில் இறங்கி, பெட்டியைப் பிரிக்கும்போது கையில் அகப்பட்டிருக்கும். படித்துவிட்டு அங்கிருந்தபடியே என்னைத் திட்டியிருப்பாய், எனக்குக் கேட்டிருக்காது. அது எனக்கு வசதிதான். ஆனால் உன் நாடகத்தில் நடித்த ரோசலியைப் பற்றி நடுவர்கள் சொன்னது ஒலிபெருக்கியில், ஓர் அரங்கம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு சொன்னது. அதற்கான மறுப்பை மட்டும் உறைக்குள் ஒட்டிக் கொடுப்பது நியாயமில்லை. அதனால்தான் இதை நம் தேவாலயத்துப் பங்கு மடலில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கோயிலுக்கு வருகிற எல்லா வீட்டுக்கும் போகும். எல்லாரும் படித்துக்கொள்ளட்டும்.

மூன்று வாரத்துக்கு முன் உனக்கு விசா வந்தது. அன்றைக்கே நாடகத்துக்கு வைத்திருந்த சாமான்களை எல்லாம் நீ ஒழித்துக் கட்டினாய். பழைய ஜீப்பின் பக்கவாட்டு சீட் ஒன்று, நம் ஜீப் நாடகத்தின் ஒரே மேடைப் பொருள், அதைக் கம்பம் ஊரில் யாரிடம் வாங்கினாயோ அந்த மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாய். “நாடகமெல்லாம் நமக்கு வராதும்மா. நாலு வரி வசனம் நிக்காத ஆளுகள வச்சுக்கிட்டு என்னத்தச் செய்ய” என்றாய். நான் ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஏலே, ரோசலிக்கு வசனம் நின்றதடா, கடைசி எழுத்து வரைக்கும் நின்றது என்று உன்னிடம் சொல்ல வேண்டியவள் நான். இரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் நாடகத்துக்கும் ரோசலிக்கும் அந்த விருது கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம்.

இது ஒரு நாளில் செய்த தப்பு இல்லை. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையனாக வந்தாய். தலையில் என் துண்டு, கையில் அப்பாவின் குடைக்கம்பு. உனக்கு ஒரே ஒரு வசனம். நீ முன்னால் வந்து, கூட்டத்தைப் பார்த்து, கணீரென்று, “வானதூதர் சொன்னாக, நம்ம ஊர்லதான் பிறந்திருக்காகன்னு” என்றாய். கோயில் வாசல் முழுக்க அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் திரைக்குப் பக்கத்திலிருந்து, ஐந்தாம் வகுப்பு டீச்சர் குரலில், “சொன்னார்! பிறந்திருக்கிறார்!” என்று திருத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் நாடகம் எழுதினாய், நடத்தினாய், ஆட்களைச் சேர்த்தாய். மேடையில் நின்று நீ ஒரு வரி பேசி நான் பார்க்கவே இல்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை, எனக்குத் தெரியும் என்பதால்.

முப்பத்திரண்டு வருஷம் சிவப்புப் பேனா பிடித்த கை இது. நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதுகிற ‘வந்தாக’, ‘போனாக’ ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘வந்தார்’, ‘போனார்’ என்று எழுதி, பத்து முறை எழுதி வரச் சொல்வேன். ரோசலியும் என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்தவள்தான். மற்ற பிள்ளைகள் இரண்டு மாதத்தில் மாறிவிடும். அவள் மட்டும் வருஷம் முழுக்க வட்டம் வாங்கினாள். எட்டாவதோடு நின்றுவிட்டாள். பிறகு எல்லாப் பெண்களையும் போல விடிவதற்குள் கட்டுச்சோற்றோடு, கூலியாட்களை ஏற்றிப் போகும் ட்ரிப் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனாள். இப்போதும் போகிறாள்.

அந்தப் பெண்களை வைத்து நீ நாடகம் போடப் போகிறேன் என்றபோது நான் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் ஒத்திகை. எழுத்தில் ஒரு வரியும் கிடையாது. அப்படிப் போன ஜீப் ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்த கதையை அவர்களே சொல்லிச் சொல்லி, நீ வேண்டாததை நீக்கி நீக்கி, ஏழு மாதத்தில் ஒரு மணி நேர நாடகம் ஆனது. ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பாக்கியத்தக்கா செத்துப்போனாள். அதை அவள் புருஷனிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் ரோசலிக்குப் பாத்திரம். அவள் வாசலில் நிற்பாள். செத்துட்டாக என்று சொல்ல வாய் வராது. நடந்ததை முதலில் இருந்து சொல்லிக்கொண்டு வருவாள்.

“பாக்கியத்தக்கா ஏறுனாக. ஓரத்துல இடம் வேணும்னாக. உக்காந்தாக. தூக்குச்சட்டியத் தொறந்து பாத்தாக. உப்புப் போட மறந்துட்டேன்டின்னு சிரிச்சாக.”

அங்கே நின்றுவிடுவாள். அதற்கு மேல் போக மாட்டாள். மறுபடியும் “ஏறுனாக” என்று தொடங்குவாள். மூன்றாம் தடவை சொல்லும்போது அந்த ‘ஆக’ மட்டும் நீண்டு நீண்டு, ஒப்பாரி இல்லை, ஆனாலும் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. புருஷனாக நடித்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடப்பார். அவ்வளவுதான். ஒத்திகையில் அதை முதலில் பார்த்த அன்று நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. யாரும் சாகும் காட்சியே இல்லாமல் ஒரு சாவை இப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திருச்சியில் நடக்கிற நாடக விருதுக்கு விண்ணப்பம் போட்டோம். பிரதி மூன்று படிகள் தட்டச்சு செய்து முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று விதி. நீ என்னிடம் வந்தாய். “அம்மா, அவுக பேசுறதக் கேட்டு அப்படியே அடிச்சுக் குடும்மா” என்றாய். அப்படியே என்று நீ அழுத்திச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. நான் நோட்டும் பேனாவுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உட்கார்ந்து எழுதினேன். வீட்டுக்கு வந்து கணினியில் அடித்தேன். அடிக்கும்போது கை தானாகத் திருத்தியது என்று சொன்னால் பாதிதான் உண்மை. யோசித்துத்தான் திருத்தினேன். வெளியூரில் படித்தவர்கள் பார்ப்பார்கள், டீச்சர் மகன் கொண்டுவந்த பிரதியில் இத்தனை பிழையா என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இதில் ஒரு கூத்தைக் கேள். அரைகுறை மலையாளத்தில் திட்டுகிற தோட்டத்து சூப்பர்வைசர் வருவாரே, அந்த மலையாளத்தில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. அடுத்தவர் மொழிக்கு அந்த மரியாதை கொடுக்கத் தெரிந்திருக்கிறது. நம் வாயிலிருந்து வருவதைத்தான் திருத்தினேன்.

‘பாக்கியம் அக்கா ஏறினார். ஓரத்தில் இடம் வேண்டும் என்றார். உட்கார்ந்தார். தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். உப்புப் போட மறந்துவிட்டேன் என்று சிரித்தார்.’ இதுதான் நான் அனுப்பியது. நீ யாரிடமோ போனில் வேன் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டாய். நாடகமே உன் மண்டைக்குள் இருந்தது, பிரதியை எதற்குப் படிக்கப் போகிறாய்.

அரங்கத்தில் காலை பதினோரு மணிக்கு நம் முறை வந்தது. வழக்கமாக ரோசலியைத்தான் பார்ப்பேன், அன்று நடுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர். மூன்று பேர் மடியிலும் பிரதி. அவள் வாசலில் வந்து நின்று “ஏறுனாக” என்றாள். நடுவில் இருந்தவரின் விரல் வரியில் நின்றது. “உக்காந்தாக” என்றாள், விரல் மேலே போய் மறுபடி கீழே வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், அவர் உதட்டைப் பிதுக்கினார். அரங்கத்தைக் கூட்டுகிற அம்மா ஒருத்தி பக்கக் கதவில் துடைப்பத்தோடு நின்றவள், மூன்றாவது “ஏறுனாக”வில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கையில் பிரதி இல்லை. நடுவர்கள் கெட்டவர்கள் இல்லை. எழுத்தில் ‘ஏறினார்’ என்று இருக்கும்போது காதில் ‘ஏறுனாக’ என்று விழுந்தால், வசனம் நிற்காமல் சொல்லின் கடைசியை விழுங்கிவிட்டாள் என்றுதானே நம் பக்கத்துப் பேச்சு தெரியாத ஒருவருக்குத் தோன்றும். அவர்களை அப்படி நினைக்க வைத்தது என் தாள். அந்த விரல் நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நாலே வரிசைதான் தூரம். என் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். சுழல் மேடையும் விளக்குமாக வந்த நாடகத்துக்கு முதல் பரிசு. சிறந்த நடிகை அந்த நாடகத்துப் பெண், அவளும் மோசமில்லை. பரிசு கிடைக்காத குழுக்களுக்கும் நாலு வார்த்தை சொல்வது அங்கே வழக்கமாம். நம் முறை வந்ததும், “முதன்மை நடிகை வசனத்தை மனப்பாடம் செய்யவில்லை. சொற்களின் கடைசியை விழுங்கிவிடுகிறார். அடுத்த முறை பாடம் செய்துகொண்டு வாருங்கள்” என்று வாசித்தார்கள். கூட்டத்தில் கொஞ்சம் சிரிப்பு. ரோசலி தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரியாமல், மற்றவர்களுக்குத் தட்டியது போல அதற்கும் கை தட்டினாள். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

திரும்பும்போது திண்டுக்கல்லில் வேனை நிறுத்தினோம். டீக்கடையில் இறங்கியதும் நீ ரோசலியிடம் கேட்டாய். “ஏழு மாசமாச் சொன்ன வசனந்தானக்கா. அங்கன போயி எதுக்கு முழுங்குனீக?”

“நான் முழுங்கலையே தம்பி” என்றாள். டீயைக் குடிக்காமலே தம்ளரைக் கீழே வைத்தாள். “தெரியலையே. பயத்துல முழுங்கிட்டேன் போல. அம்புட்டுப் படிச்ச ஆளுக சொல்லும்போது...”

“மனசு விட்டுப்போச்சுக்கா” என்று சொல்லிவிட்டு நீ வேனுக்குப் போய்விட்டாய். நானும் அங்கேதான் நின்றேன், கண்ணாடித் தம்ளரோடு. அன்று நான் வாயைத் திறந்திருந்தால் உனக்கு என் மேல் ஒரு மாதம் கோபம் இருந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். அதற்குப் பயந்தேன்.

அடுத்த வாரம் ரோசலி நம் பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு வந்தாள், நீ இல்லாத நேரமாகப் பார்த்து. முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, “டீச்சர், என்னாலதான் போச்சு. தம்பி முகத்துல முழிக்க முடியல. நீங்கதான் அவுகளுக்குச் சொல்லணும்” என்றாள். நான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். “பரவாயில்ல ஆத்தா, நடந்தது நடந்து போச்சு” என்றேன். நன்றாகக் கேட்டுக்கொள், நான் அவளை மன்னித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த டைப் அடிச்ச தாளு ஒண்ணு இருந்தாக் குடுங்க டீச்சர். சரியாப் படிச்சு வச்சுக்கிறேன்” என்றாள். ஒரு படி மிச்சம் இருந்தது. கொடுத்தேன்.

அதற்கப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் அவள் வரவில்லை. “எனக்கு வசனம் நிக்காது தம்பி, வேற ஆளப் பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் இல்லாமல் நீ போட்ட இரண்டு நாடகங்களையும் நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நாடகத்தைப் போனில் எடுக்கக் கூடாது, நேரில்தான் பார்க்க வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்ததால் அந்த ஒரு மணி நேரம் எங்கேயும் பதிவாகவில்லை. உலகத்தில் அந்த நாடகத்துக்கு மிச்சம் இருப்பது நான் அடித்த தாள்தான். விருதுக்காரர்களின் அலமாரியிலும் அதுதான் இருக்கும். நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தால், ஒரு தோட்டத்துப் பெண் செத்தவளைப் பற்றிப் பாடப்புத்தகம் போலப் பேசுகிறாளே, இதற்கு விருது கொடுக்காதது சரிதான் என்பார்கள்.

விசா வந்த அன்று நீ சொன்னதைக் கேட்ட பிறகு விருதுக்காரர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி நாலு பக்கம் எழுதினேன். அறிவித்த முடிவு மறுபரிசீலனைக்கு உரியதல்ல என்று இரண்டு வரி பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்த ஒரே ஒரு தடவையும் என் தாள் வழியாகப் பார்த்தது. இந்தக் கடிதத்தின் முதல் பாதியைப் பங்கு மடலுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது ஆசிரியர் குழுவில் இருக்கிற தம்பி ரொம்ப மரியாதையாக, “டீச்சர், அங்கங்க நம்ம பேச்சு அப்பிடியே வருது, திருத்திப் போட்டுறவா” என்று கேட்டான். அவனும் என் மாணவன்தான். அப்படியே போடு என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

பெற்றவள் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்த விருது இனி வராது. அடுத்த வருஷம் வரும், உழைப்பு வீண் போகாது என்றெல்லாம் உன்னிடம் நான் பொய் சொல்ல மாட்டேன், வீண்தான் போயிருக்கிறது. ஆனால் ஏழு மாதம் அவள் பேசியதை நீ காதால் கேட்டாய். ஒரு நாள் யாரோ ஒலிபெருக்கியில் வாசித்ததும் அந்தக் காதை விட்டுவிட்டுத் தாளை நம்பினாய். அதை நீ என்னிடமிருந்துதான் கற்றிருப்பாய். போகிற இடத்திலாவது அதை விட்டுவிடு. புதன்கிழமைக்குள் ஒரு தடவை ரோசலி வீட்டுக்குப் போய்விட்டு வா. திண்டுக்கல்லில் கேட்டதற்கு மன்னிப்புக் கேள். அதனால் எதுவும் மாறும் என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் நான் அவள் வீட்டுக்குப் போனேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து முறத்தைத் தள்ளி வைத்து நாற்காலி போட்டாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். ரோசலி, நீ பேசியதுதான் சரி, நான்தான் மாற்றி எழுதினேன், நீ ஓர் எழுத்தைக்கூட விழுங்கவில்லை, அந்தப் பரிசு உன்னுடையது என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

“என்ன டீச்சர் இப்பிடிச் சொல்றீக” என்றாள். சங்கடமாகச் சிரித்தாள். “நீங்க எழுதுனது எப்பிடித் தப்பாகும்? அஞ்சாப்புலயே நீங்க வட்டம் போட்டுப் போட்டுத் திருத்துனீக. நான்தான் திருந்தாம அங்கன போயி அப்பிடிப் பேசிட்டேன்.”

இல்லை ஆத்தா, இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் கெஞ்சினேன். “அந்த இடத்த ஒரு தடவை பேசு ரோசலி. மண்டபத்துல பேசுன மாதிரியே பேசு. நான் அப்படியே எழுதிக்கிறேன்” என்று பையிலிருந்து நோட்டை எடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவள், நான் விடாமல் கேட்கவும், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காலைச் சேர்த்து வைத்து நின்றாள். இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் கட்டிக்கொண்டாள், வகுப்பில் செய்யுள் ஒப்பிக்க நிற்பது போல.

“பாக்கியம் அக்கா ஏறினார். ஓரத்தில் இடம் வேண்டும் என்றார். உட்கார்ந்தார். தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். உப்புப் போட மறந்துவிட்டேன் என்று சிரித்தார்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “சரியா டீச்சர்?” என்று கேட்டாள்.

ஒரு பிழைகூட இல்லை, மகனே.

உன் அம்மா